புதன்கிழமை வெளிச்சம்

புற்றுநோய்க்கு இளம் மனைவியைப் பறிகொடுத்த ஐவனுக்குப் புதன்கிழமை என்றாலே மூச்சு முட்டியது. அன்று மாலை போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை முடிந்து ஓடிவந்து, கூடத்தைப் பெருக்கி, விளக்குகளைப் போட்டு, வராத சிரிப்பையும் வரவழைத்துக்கொள்ள வேண்டும். தேவாலயத்து அன்பியக் குழுவினர் செபமாலை சொல்ல வந்துவிடுவார்கள். மாதங்கள் பல ஓடியும் அந்த வருகை நிற்கவில்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்களின் முகத்தில் கதவைச் சாத்துவது எப்படி? மற்ற நாள்களில் அவன் தன்பாட்டுக்கு அறைக்குள் கிடக்கலாம், கேட்பாரில்லை.

ஒரு புதனன்று செபம் முடிந்ததும், குழுத்தலைவி சாந்தமேரியை வாசலில் தனியே நிறுத்தினான்.

"ஆன்டி, தப்பா நினைக்காதீங்க. இனிமே வாரா வாரம் நீங்க சிரமப்பட வேணாம் லா. நானும் பாப்பாவும் சமாளிச்சுக்குவோம்."

அவர் முகம் கோணும் என்று எதிர்பார்த்தான். அதில் தெரிந்ததோ நிம்மதி.

"நாங்களும் எப்பவோ நிறுத்தியிருப்போம் ஐவன். உன் ஃபிளாட் படி ஏறி என் முட்டியே போச்சு. ஆனா விட்டாத்தானே!"

"யாரு, ஃபாதரா?"

"உன் பொண்டாட்டி நம்பர்லேர்ந்துதான் வாரா வாரம் வாய்ஸ் மெசேஜ் வருதே."

சாந்தமேரி கைப்பேசியை அவன் காதருகே கொண்டுவந்தார். ஏழு வயது மகள் பெர்னிஸின் குரல் கிசுகிசுத்தது:

"ஆன்டி, இந்த புதனும் கட்டாயம் வாங்க. நீங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தான் அப்பா ஹால்ல லைட் போடுறாரு."