ஓரக் கட்டைக்குப் பிடித்துவைத்த இடம்

டக்கென்று கட்டை அமுங்கிய சத்தம் மட்டும்தான் கேட்டது. சுரம் கேட்கவில்லை.

கீபோர்டின் இடது ஓரத்துக் கடைசிக் கட்டைக்குப் பாட்டு முழுக்க அந்த ஒரு சுரம்தான். கம்ப்யூட்டர் வாசலில் சுரங்களை வாங்கி உள்ளே அனுப்பும் பஃபரிடம் அது கேட்டது:

"என் சுரம் எங்கேண்ணே?"

"நடுக்கட்டைக்காரங்க முப்பது பேர் கல்யாணப் பந்திக்கு வர்ற மாதிரி வந்து விழுந்தாங்க. எனக்கு இருக்கிறதோ கையகல இடம். நீ கடைசியா வந்தே, கீழ சிந்திட்டே."

"நான் வந்ததே ஒரு தடவைதான்."



கீபோர்டு வாசிப்பவர் பதிவைப் போட்டுக் கேட்டார். நாலைந்து சுரம் விட்டுப்போயிருந்தது. பஃபரின் அளவைக் கூட்டினார்.

"இப்ப தாராளமா இருக்குடா. உனக்குன்னு ஓர் இடம் பிடிச்சு வைக்கிறேன், வா" என்றது பஃபர்.

மறுபடி வாசிப்பு. நடுக்கட்டைகள் கும்பலாகப் போயின, ஒன்றுகூடச் சிந்தவில்லை. ஓரக் கட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் அதன் தலைக்கு மேல்வரை வந்து, தயங்கி, திரும்பிப் போய்விட்டது.

"அது இல்லாமலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று வாசிப்பவர் முணுமுணுத்தார்.

பிடித்துவைத்த இடத்தைப் பஃபர் கொஞ்ச நேரம் யாருக்கும் கொடுக்கவில்லை. பிறகு, "அடுத்தது வாங்க" என்று நடுக்கட்டைகளை உள்ளே அனுப்பத் தொடங்கியது.