மொட்டைக்கு மரியாதை

“திருப்பதி?” என்று கேட்டார் டாக்டர், என் மொட்டைத் தலையைப் பார்த்து.

அம்மா தலையாட்டினாள்.

அவர் பயபக்தியாகக் கைகூப்பினார். எனக்கல்ல, என் தலைக்கு.

பிள்ளைகளின் மனசுக்கென்றே தனியாகப் படித்தவராம், கேம்ப் ஏரியாவில் இவரை விட்டால் ஆளில்லையாம். எனக்கு முன்னால் உள்ளே போன மராத்திப் பெண் முக்கால் மணி நேரம் அழுதுவிட்டு வெளியே வந்தாள். பார்க்கப் பொறாமையாக இருந்தது. நானும் அப்படி ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிடுவது என்றுதான் நிக்டியிலிருந்து பஸ் ஏறியிருந்தேன்.

பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“டாக்டர் கேட்டாச் சொல்லு கண்ணு. கேக்காததை நீயா எதுக்குச் சொல்லோணும்?”

நியாயம்தான். கேட்காமல் இருப்பாரா, டாக்டராச்சே!

நாங்கள் திருப்பதிக்குப் போகவே இல்லை. நாலு மாதமாக நான்தான் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, படுக்கையில். உச்சியில் எட்டணா அளவு விழுந்த வழுக்கை உள்ளங்கை அகலம் ஆனதும், அப்பா தன் ஷேவிங் ரேசரால் மொத்தத்தையும் வழித்துவிட்டார். அம்மா சிஞ்ச்வட் மிட்டாய்க் கடையில் லட்டு வாங்கி, எங்கள் அடுக்குமாடி சொசைட்டி முழுக்கப் பிரசாதம் கொடுத்தாள். எதிர் ஃபிளாட் குல்கர்னி ஆன்ட்டி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றாள்.

ஏன் பிடுங்குகிறாய் என்று மட்டும் இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. இவர் கேட்பார் என்று நம்பினேன்.

கேட்டார், அம்மாவிடம். என் பெயரைக்கூட அவளிடம்தான் கேட்டார். பார்கவி, வயது பதினாறு. தினமும் பூஜை உண்டா? உண்டு. கணக்கில் கெட்டியா? கெட்டி. அதிகம் பேசமாட்டாளோ? மாட்டாள். மதராசிப் பெண்களே அப்படித்தான், அடக்கம் என்று ஹிந்தியில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். நாங்கள் கோயம்புத்தூர். அது கிடக்கட்டும். இவ்வளவு பக்தியுள்ள குடும்பத்தில் மனக்கோளாறெல்லாம் அண்டாது, உங்கள் கலாச்சாரமே பெரிய மருந்து என்றார். எங்கள் இட்லியையும் ஒரு வார்த்தை பாராட்டினார். ஆறே நிமிடம், ஃபைலை மூடிவிட்டார்.

அம்மா நிம்மதியாக எழுந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கர்ச்சீப்பை எச்சிலில் நனைத்தேன். காலையில் அம்மா பென்சிலால் வரைந்துவிட்ட இரண்டு புருவங்களையும் அவர் எதிரிலேயே அழுத்தித் துடைத்தேன்.

அடியில் ஒரு முடிகூட இல்லை.

டாக்டர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கேட்கப் போகிறார்! அழுவதற்குத் தோதாகக் கர்ச்சீப்பை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

“இதுவும் திருப்பதி?”

அம்மா கைப்பைக்குள் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.