வெறும் விரல்

தொற்றுக்காலம் முழுக்க அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தவள் ஜெசிந்தா. துப்பாக்கி மாதிரியான கருவியை நெற்றிக்கு நேரே நீட்டுவாள். அது கீச்சென்றதும் எண்ணைப் படித்து, "நார்மல்" என்பாள். ஊரடங்கெல்லாம் முடிந்து, கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவளை வேலையிலிருந்து நிறுத்தி ஒரு வருடம் ஆயிற்று. துணிக்கடை வேலைக்காக ஒரு காலையில் அந்த வழியாகப் போனபோது, முதல் வீட்டு அம்மாள் கேட்டைத் திறந்து நெற்றியை நீட்டினாள்.

"அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சேக்கா."

"தெரியும்மா. சும்மா பாரேன்."

ஜெசிந்தா வெறும் விரலை நீட்டினாள். "தொண்ணூத்தேழு. நார்மல்." அந்த அம்மாள் ஒரு வருடமாகப் பிடித்து வைத்திருந்ததைப் போல மூச்சை விட்டாள். மறுநாள் நாலு வீடு. வாரக் கடைசியில் தெருவே கேட்டோரம் நின்றது. காய்ச்சல் ஒருவருக்கும் இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தரம் பாரும்மா" என்றார்கள்.

கடைசி வீட்டுத் தணிகாசலம் தனி ஆள். நார்மல் என்று சொன்ன பிறகும் அவர் உள்ளே போகவில்லை.

"ஆமா, உனக்கு யாரும்மா பாக்குறது?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவர் தன் விரலை அவள் நெற்றிக்கு நேரே நீட்டினார். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் எண்ணைச் சொல்லவும் இல்லை, விரலை இறக்கவும் இல்லை.