தேவையில்லாத வரி

“அந்த வரிய எடுத்துட்டியா இல்லியா?” என்று குசுகுசுத்தாள் உடன் வேலை பார்க்கும் அக்ஷயா.

“காலைலயே எடுத்துட்டேன். நீ வேற ‘வடிகட்டின’னு சேத்து வெச்சிருக்கியே, உனக்கு வேலயே இல்லியா?” என்றான் நிதின்.

“நானா? உன் ஃபைல நான் தொடவே இல்லப்பா.”

அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

சித்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை. திருப்பதியிலிருந்து அவர்கள் கம்பெனி கொண்டுவந்த டோக்கன் போர்டு சுவரில் தொங்கியது. அதற்கு எண்களை எழுதி அனுப்பும் டிரைவர் புரோகிராம் நிதினுடையது. இன்று ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் சொந்த ஊர் நகரிக்குத் திரும்பும் பஸ்.

லீவு கிடைக்காத ஒரு நாள், ஒவ்வோர் எண்ணையும் அனுப்பியதும் ‘மேனேஜர் நாகபூஷணம் ஒரு மண்டு’ என்று கம்ப்யூட்டர் தனக்குள் எழுதிக்கொள்ளும்படி அதில் ஒரு வரி சேர்த்திருந்தான். மனசு ஆறிவிட்டது, வரி தங்கிவிட்டது. இன்று காலை எடுக்கப் போனால், மண்டு ‘வடிகட்டின மண்டு’வாக வளர்ந்திருந்தது.

“ஸ்டார்ட் பண்ணு பாபு,” என்றார் நாகபூஷணம், டாக்டரம்மாவை அழைத்துவந்து.

பன்னிரண்டுக்குப் பதில் எழுபத்தேழு வந்தது. அடுத்து, எந்த மொழியிலும் இல்லாத ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு போர்டு உறைந்தது.

“எழுபத்தேழா? நான் பதிமூணு. காலைலேர்ந்து குந்திக்கினு இருக்கேன்,” என்றார் ஒரு நோயாளி.

நாகபூஷணம் நிதினின் காதருகே குனிந்தார். “அந்த வரிய எடுத்துட்டியா?”

“எ... எந்த வரி சார்?”

“என்னப் பத்தினது. போன வாரம் நானும் எடுத்துப் பாத்தேன். இதே கூத்துதான். ஒரு நெம்பர வாங்கிக்க போர்டுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். உன் வரி ஓடற நேரத்துல அது வாங்கிக்கினு இருந்திச்சி. திரும்பப் போடு.”

“வேற ஏதாவது எழுதறேன் சார்...”

“ஓடிக்கினு இருந்தத எதுக்கு மாத்தணும்? டாக்டரம்மா நிக்கிறாங்க, போடு.”

நிதின் வரியைத் திரும்பத் தட்டினான். மரியாதைக்காக ‘வடிகட்டின’வை மட்டும் விட்டுவிட்டான். பன்னிரண்டு சுத்தமாக வந்தது. பதிமூன்று பாதி வந்து நின்றது.

நாகபூஷணம் திரையை எட்டிப் பார்த்தார்.

“வெறும் மண்டு பத்தாது பாபு. அதுக்குத்தான் ‘வடிகட்டின’ நான் சேத்தேன்.”