அரைப்பேர்

"சுகந்தினி அக்கா," என்று போனில் நிலாம் கூப்பிட்டான்.

"வந்தாச்சு" என்று யோகராஜ் தட்டி அனுப்பினான்.

மூன்று வாரமாக மனைவி சுகந்தினியின் போனில், அவளுடைய பெயரில், இந்த ஒரு சொல்லைத்தான் அனுப்புகிறான். மைக் பழுது என்று முதல் நாளே எழுதிவிட்டான்.

வெளியே மழை. ரப்பர் பால்வெட்டு இல்லாததால் லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாரும் இருந்தார்கள். அவன் கதவைத் தாழிட்டிருந்தான்.

விளையாட்டுக்குள் போகுமுன் நிலாம் பெரட்டு எடுப்பான், தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் போல. யட்டியாந்தோட்டை பஸாரில் போன் கடை வைத்திருப்பவனுக்குப் பெரட்டு எப்படித் தெரியும்? சுகந்தினிதான் சொல்லியிருக்க வேண்டும். வேறு என்னவெல்லாம் சொன்னாள் என்று அறியத்தான் யோகராஜ் இந்தப் போனைத் திறந்தான்.

மழை நாட்களில் காதில் வயரை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாள். யாரென்று கேட்டால், டீம் என்பாள். அவ்வளவுதான்.

அக்கா என்று கூப்பிடுவது ஊருக்காக. அதை யோகராஜ் நம்பவில்லை.

இன்றும் அந்தக் கல் ராட்சசன்தான். ஐந்து பேர் சேர்ந்து மூன்று கட்டங்களில் அவனைக் கொல்ல வேண்டும். மூன்று வாரமாக மூன்றாவது கட்டத்தில் எல்லாரும் செத்துப்போகிறார்கள்.

நிலாம் திட்டம் சொன்னான். முதல் கட்டத்தில் அவன் முன்னால் நின்று அடி வாங்குவான். இரண்டாவதில் ராட்சசன் குட்டிகளை இறக்கும்போது கன்னையாவும் ஆதிப்பும் வாசலை மறிக்க வேண்டும். மூன்றாவதில் தரை தீப்பிடிக்கும். இஸ்ரா ஓடி ஓடி எல்லாருக்கும் உயிர் ஏற்ற வேண்டும்.

"அக்கா எனக்குப் பின்னால, பாறைக்கிட்ட. அசைய வேணாம்."

மூன்று கட்டத்திலும் அதே இடம்.

யோகராஜ் திரையையே பார்த்தான். உயிர் ஏற்றுவது சுகந்தினியின் வேலை. அதற்காகத்தான் அவளைச் சேர்த்தார்கள் என்று பழைய செய்திகளில் இருந்தது. அதை இஸ்ராவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒருவன் ஒருத்தியைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறான். தோற்றாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொள்கிறான்.

"எனக்கு மட்டும் ஏன் வேலை இல்லை? நான் யார் உங்களுக்கு?" என்று தட்டினான்.

தகரத்தில் மழை. அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"யோகராஜ் அண்ணன்," என்றான் நிலாம்.

"அக்கா ஒருநாளும் வந்தாச்சுன்னு சொன்னதில்ல. அரைப்பேர் போட்டுறாதீங்கன்னுதான் சொல்லுவாங்க. பெரட்டுக்குப் பிந்தி வந்தா அரை நாள் சம்பளந்தானாமே தோட்டத்துல. மொத நாளே வெளங்கிருச்சு, நீங்கன்னு. ஒங்களுக்கு வெளையாடத் தெரியாது. அதான் நாலு பேருக்குத் திட்டம் போட்டோம்."

பிறகு நிலாமே சொன்னான்.

"அக்காவோட கருமாதிக்கும் வந்தோம். பின்னுக்குக் கதிரையில இருந்தோம். நீங்க எங்களப் பாக்கல்ல."

யோகராஜின் பெருவிரல் திரைக்கு மேலேயே நின்றது.

நிலாம் மறுபடியும் பெரட்டு எடுத்தான். கன்னையா, ஆதிப், இஸ்ரா. ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள்.

"சுகந்தினி அக்கா."

"முழுப்பேர்," என்றார்கள் மூவரும்.