இருபத்திரண்டாம் ஷரத்து

1976-ல் கேரளத்து ஆரியசாலையில், பம்பாய்க் கம்பெனி ஒன்றின் பெயரில் ஐஸ்கிரீம் கடை நடத்திவந்த தாணுமாலையன், அதே போர்டின் கீழ் சொந்தமாகச் செய்த பலாப்பழ ஐஸ்கிரீமையும் விற்றார். கடை நடத்தும் உரிமையை ரத்து செய்வதாகக் கம்பெனி நோட்டீஸ் விட்டது.

ஒப்பந்தத்தைப் படித்த வக்கீல் ஸ்ரீகண்டன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இருபத்திரண்டாம் ஷரத்தப் பாத்தேளா? தகராறு வந்தா பம்பாய்ச் சட்டம், பம்பாய் கோர்ட்டு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரெண்டு நாள் ரயில்ல போகணும்."

"போறேன்" என்றார் தாணுமாலையன்.

ஸ்ரீகண்டனுக்கு மனசு கேட்கவில்லை. மூன்று மாதம் எழுதி எழுதிக் கம்பெனியை வழிக்குக் கொண்டுவந்தார். பதில் வந்த அன்றே தாணுமாலையனையும் அவர் மனைவி மாடம்மாளையும் வரவழைத்தார்.

"ஜெயிச்சாச்சு அண்ணாச்சி! கேரளச் சட்டமே போதும், இங்க நம்ம வஞ்சியூர் கோர்ட்டே போதும்னு சம்மதிச்சிட்டாங்க!"

தாணுமாலையன் முகம் தொங்கிப்போயிற்று.

"அதெப்பிடி வக்கீலே? ஒப்பந்தத்துல ஒப்புப் போட்டா போட்டதுதான். பம்பாய்தான்!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

ஸ்ரீகண்டன் திகைத்துப்போய் மாடம்மாளைப் பார்த்தார்.

"மக பம்பாயிலதான் இருக்கா, தம்பி. எங்ககிட்ட சொல்லாம கல்யாணம் கட்டிட்டா. அவளப் பாக்க அந்த ஊருக்குப் போகமாட்டேன்னு இவரு சத்தியம் பண்ணிட்டாரு. இப்போ பேரன் பொறந்திருக்கான். கேஸுக்குன்னா போலாம்லா?"

ஸ்ரீகண்டன் பேனாவை எடுத்தார். 'ஷரத்தை மாற்ற எங்கள் கட்சிக்காரர் சம்மதிக்கவில்லை' என்று கம்பெனிக்கு எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, சாட்சிக்கு ஒரு ஆள் வேணுமே. நீங்க போவேளா?"

"பெட்டி கட்டி மூணு மாசமாச்சு, தம்பி."