சூலம் இறங்காத காட்சி

அம்மன் படம் ஓடும்போது எத்தனை பேருக்கு அருள் வருகிறது என்று எண்ணத்தான் பல்கலைக்கழக ஆய்வாளர் தணிகைவேல் அந்தத் தியேட்டருக்கு வந்திருந்தார். திரையில் அம்மன் அசுரன் மேல் சூலத்தை ஓங்கியதுமே பெண்கள் நாற்காலிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி நாக்கைக் கடித்து, ரத்தம் மோவாயில் வழிய வழிய ஆடினாள். எண்ணிக்கை தவறிப்போனது. படத்தை அப்படியே நிறுத்தச் சொன்னார்.

“வேண்டாம் சார். அசுரன் சாகாம ஆத்தா மலையேற மாட்டா,” என்றார் ஆபரேட்டர் சவரிமுத்து.

“ரெண்டே நிமிஷம்.”

படம் உறைந்து நின்ற திரைக்கு முன்னால் ஏறி நின்று விரல் நீட்டி எண்ணினார். பதினேழு. அதற்குள் சத்தம் அடங்கியிருந்தது. பதினேழு பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பூக்காரி காத்தாயி, வாசலில் அம்மனுக்கு நட்டிருந்த சூலத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

“நான்தாம்மா. காலையில உங்ககிட்ட பேட்டி எடுத்தேனே.”

அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை, நெஞ்சில் இருந்தது. தணிகைவேல் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டை முழுக்க அசுரனின் பிளந்த வாய் விழுந்திருந்தது.

“ஓட்டுய்யா படத்தை,” என்று கத்தினார்.

படம் ஓடியது. சட்டையில் அந்த வாய் அலறத் தொடங்கியது.